பதின்மூன்று மில்லிமீட்டர்

பெட்டியைத் திறந்ததும் எலிப்புழுக்கை வாடை.
ஷாஃப்ஹவுசனில் நவம்பர்.
ஏலக் கிடங்கின் இரண்டாம் தளத்தில் ஹீட்டர் பழுது.
கையுறை மாட்டிக்கொண்டு
ஓர் ஆளை மேசையில் குப்புறக் கிடத்துகிறேன்,
உள்ளே ஆள் இல்லாமல்.

விற்பவர் ஹோர்கன்காரர்.
பட்டுப்புழு முட்டை வாங்க யோகோஹாமாவுக்குக் கப்பலேறிய முப்பாட்டன்
முட்டையோடு இதையும் கொண்டுவந்தாராம்.
முட்டை பொரிக்கவில்லை. இது மிஞ்சியது.

படிவம் கேட்கிறது: பொருள்?
கவசம், மார்பும் முதுகும். தொப்பி ஒன்று.
இரும்பு, கறுப்பு அரக்கு.
பழைய சீட்டில் யாரோ 'சாமுராய்' என்று எழுதி
இருமுறை அடிக்கோடிட்டிருக்கிறார்கள்.
அந்தச் சொல்லுக்குள் இவனைத் திணித்தால்
கால் வெளியே நீளும்.
கடைசிப் படியில் நின்றவன். ஈட்டி தூக்கி.
மார்பில் பிரபுவின் முத்திரை, பொன் பூச்சில்;
உள்ளே மையில் ஓர் எண், இருபத்தேழு.
பெயர் இல்லை.
போருக்கு முன் எண்ணிக் கொடுப்பார்கள்,
முடிந்ததும் எண்ணி வாங்குவார்கள்.
இரவல்.
(என் கிடங்கு அட்டையையும்
டிசம்பர் முப்பத்தொன்றில் திருப்பித் தர வேண்டும்.)

தொப்பியின் வெளிப்புறம் கரி.
அதைக் கவிழ்த்துத்தான் சோறு பொங்கியிருக்கிறான்.
தோளுக்குக் குறுக்கே துணிக்குழாயில் அரிசி,
வேளைக்கு ஒரு முடிச்சு.
இடுப்பில் கயிறு: சேப்பந்தண்டைத் திரித்து
சோயா விழுதில் வேகவைத்தது.
பகலெல்லாம் மூட்டை கட்டும்;
ராத்திரி ஒரு சாண் நறுக்கிக் கொதிநீரில் போட்டால் குழம்பு.
தன் அரைக்கயிற்றைத் தானே தின்றபடி
ஒருவன் மலை ஏறுகிறான்,
மிச்ச முடிச்சை விரலால் தடவித் தடவி.

கூலியும் அரிசிதான்.
நம்மிடம் இதற்கு ஒரு சொல் இருக்கிறது: செஞ்சோற்றுக் கடன்.
தின்றவன்தான் கடனாளி.
நெல் விளைவித்தவன் அந்தக் கணக்கில் எங்குமே வரமாட்டான்.

சேதம்?
விலாவில் அரக்கு உதிர்வு. ஒரு கொக்கி இல்லை.
முதுகில் ஒரு துளை.

வெர்னியரை வைத்தேன். பதின்மூன்று மில்லிமீட்டர்.
விளிம்பு உள்நோக்கி மடங்கியிருக்கிறது.
ஈயக்குண்டு. பின்னாலிருந்து.

ரெகுலா எட்டர் காப்பியோடு வந்தாள்,
டார்ச் அடித்துப் பார்த்தாள்,
"துரு என்று போடு" என்றாள்.
ஜெனீவாவில் ஒரு பல்மருத்துவர் காத்திருக்கிறார்,
வரவேற்பறையில் நிறுத்த.
மார்பில் என்றால் இரண்டாயிரம் பிராங்க் கூட்டியிருப்பாள்.

புறப்புண்.
ரெகுலாவுக்கு இந்தச் சொல் தெரியாது, விலை தெரியும்.
நாம் சொல்லையும் வைத்திருக்கிறோம், விலையையும்:
மார்பென்றால் கல் நடு,
முதுகென்றால் பெற்றவளிடம் சொல்லாதே.

ஓடினானா.
விழுந்தவனைத் தூக்கத் திரும்பினானா.
பின்வரிசையில் சொந்தப் பக்கத்தான் ஒருவனுக்கு
மழையில் கை நழுவியதா.
பிரபு முதலில் ஓட, ஆணைப்படி பின்னே போனானா.
காலையில் கடைசி முடிச்சை அவிழ்த்துவிட்டு
போதும் என்று வீட்டுப் பக்கம் நடந்தானா.
துளை வட்டமாக இருக்கிறது.
எல்லாக் கதையும் அதற்குள் நுழைகிறது.

ரெகுலா போன பிறகு விளக்கைச் சாய்த்துப் பார்த்தேன்.
துளையின் ஓரத்தில் வேறு நிறத்து அரக்கு,
பிறை போல, பாதி பெயர்ந்து.
அடைத்திருக்கிறார்கள்.
கழற்றி, கழுவி, அடைத்து, எண்ணி,
வரிசையில் அடுத்து நின்றவனிடம் நீட்டியிருக்கிறார்கள்.

முதல் இருபத்தேழை விட்டுவிட்டேன்.
இந்த இரண்டாமவன்
வாரை இறுக்கும்போது
தோள்பட்டைக்குக் கீழே ஒரு காசளவு
மற்ற இடத்தைவிடச் சில்லென்று இருந்திருக்கும்.
கேட்டிருப்பானா யாரிடமாவது?

எழுதினேன்:
துளை, முதுகு, 13 மி.மீ., குண்டு.
பழைய அடைப்பு. உடுத்தியவர்கள், குறைந்தது இருவர்.
துருவுக்கான கட்டத்தில் ஒரு கோடு.
காப்பி ஆறிவிட்டது.